லுவோ ஆவது எப்படி?

கென்யா நாட்டின் மேற்குக் கோடியில், விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள சந்தையில் நின்றுகொண்டு "ஒட்டியேனோ!" என்று உரக்க ஒரு குரல் கொடுத்தால் என்ன நடக்கும்? மீன் விற்பவர், சைக்கிளுக்குக் காற்றடிப்பவர், கறுப்புக் கோட்டு அணிந்த வழக்கறிஞர், பள்ளிக்குப் போகும் பையன் என்று பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்குள் உறவு ஏதும் இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் இரவில் பிறந்தவர்கள், அவ்வளவுதான்.

அதே இடத்தில் "அன்யாங்கோ!" என்று கூப்பிட்டால் திரும்புகிறவர்கள் பெண்கள்; காலை வெயில் ஏறிவரும் நேரத்தில் பிறந்தவர்கள். "ஒன்யாங்கோ" என்றால் அதே நேரத்தில் பிறந்த ஆண்கள். பெயர் 'ஒ' என்று தொடங்கினால் ஆண், 'அ' என்று தொடங்கினால் பெண் என்பது பொது விதி. விகுதிகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய நமக்கு இந்த எளிமையைக் கண்டால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

இந்த மக்களின் பெயர் லுவோ. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கென்யாவில் இவர்கள் 50 லட்சத்துக்குச் சற்று அதிகம்; அந்நாட்டு இனங்களுள் எண்ணிக்கையில் நான்காம் இடம். ஏரியைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனால் தான்சானியாவிலும் இருக்கிறார்கள். நாம் விக்டோரியா என்று சொல்லும் ஏரி இவர்களுக்கு 'நாம் லோல்வே'. 'நாம்' என்பது அவர்கள் மொழியில் பெரிய நீர்ப்பரப்பைக் குறிக்கும் சொல், நம்மைக் குறிப்பதன்று.

பெயர்களை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். விடியற்காலையில் பிறந்தவன் ஒமோண்டி. காலையில் பிறந்தவள் அக்கின்யி. உச்சி வெயிலில் பிறந்தவன் ஒச்சியெங். பொழுது சாயும் வேளையில் பிறந்தவள் அதியாம்போ. நள்ளிரவில் பிறந்தவன் ஒடுவோர். தமிழ்க் காதுக்கு இது 'ஓடுவோர்' என்று கேட்டாலும் ஓட்டத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை. கென்யாவில் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர்போனவர்கள் பக்கத்து இனத்தாரான கலெஞ்சின் மக்கள்தாம். மழை பெய்யும்போது பிறந்தவன் ஒக்கோத். பஞ்சத்தில் பிறந்தவன் ஒக்கெச். தாய் வழியில் போய்க்கொண்டிருக்கும்போது பிறந்தவன் ஒயோ. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தவன் ஒவினோ. இரட்டைக் குழந்தைகளுள் முதலில் வந்தவன் ஒப்பியோ, அதாவது விரைந்து வந்தவன். இரண்டாமவன் ஒடோங்கோ, அதாவது பின்தங்கி நின்றவன். இரட்டையருக்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கும் ஒரு பெயர் காத்திருக்கிறது: ஒக்கேலோ. முன்னோர் பெயரைச் சூட்டும் வழக்கமும் உண்டு. முன்னோர் ஒருவர் கனவில் வந்து தம் பெயரைக் கேட்பார் என்றும், விடாமல் அழும் குழந்தை சரியான முன்னோரின் பெயரைச் சொன்னதும் அழுகையை நிறுத்தும் என்றும் நம்பினார்கள்.

ஒரு லுவோ கிழவரின் பெயரைக் கேட்டதும் அவர் பிறந்த வேளை நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் பிறந்த ஆண்டைக் கேட்டால் அவரே சிரிப்பார். அந்தக் காலத்தில் யார் குறித்து வைத்தார்கள்? மணி தெரியும், வருடம் தெரியாது. வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை.

ஈட்டியும் மணியும்

1960-களில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் ஒரு கருத்தைச் சொன்னார். ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்களின் வரலாறுதான் உண்டு, மற்றதெல்லாம் இருள், இருளை வரலாறாக எழுத முடியாது என்பது அதன் சாரம். எழுத்து இல்லையேல் வரலாறு இல்லை என்பது அன்று பல அறிஞர்களுக்கு அடிப்படைப் பாடம்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பெத்வெல் ஒகோட் என்ற லுவோ இளைஞர், கையில் குறிப்புப் புத்தகத்துடன் மேற்குக் கென்யாவின் கிராமங்களில் முதியவர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். 1929-இல் பிறந்தவர்; மக்கரேரேயிலும் ஸ்காட்லாந்திலும் படித்தவர்; லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்காக லுவோக்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருந்தார். ஆவணங்கள் எங்கே என்று கேட்டால், அவர் காட்டக்கூடியவை மனித வாய்கள்தாம்.

வாய்மொழியை எப்படி நம்புவது? தன் பாட்டனார் கோழையென்று சொல்லும் பேரன் உலகில் எங்கும் இல்லை. ஆனால் பக்கத்துக் குலத்தான் சொல்வான்! வாய்மொழி வரலாற்றின் இரகசியமே இதில்தான் இருக்கிறது. ஒரு குலம் சொல்வதை அதன் பகைக் குலம் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பேரும் தமக்கு இலாபம் இல்லாத ஒரு செய்தியை ஒரே விதமாகச் சொன்னால் அதில் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, தலைமுறைகளை எண்ண வேண்டும். முதியவர் தம் தந்தை, பாட்டன், பூட்டன் என்று பின்னோக்கிப் பதினைந்து பெயர்களைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று கொண்டால் 375 முதல் 450 ஆண்டு பின்னே போய்விடுகிறோம். பல குலங்களின் பட்டியல்கள் ஒத்துப்போகும் இடத்தில் கால் ஊன்றிக்கொள்ளலாம். வருடம் தெரியாதவர்களிடமிருந்தே வருடத்தைக் கறந்துவிடும் வித்தை இது.

மொழியும் சாட்சி சொல்கிறது. லுவோக்களின் மொழியான தோலுவோவில் தண்ணீருக்குப் 'பி' என்று பெயர், வீடு 'ஒட்'. வடக்கு உகாண்டாவின் அச்சோலி மக்களிடம் போனாலும் இதே சொற்கள்தாம், உச்சரிப்பில் சிறு வேறுபாட்டோடு. அங்கிருந்து இன்னும் வடக்கே, தென்சூடானில் வெள்ளை நைல் கரையில் வாழும் ஷில்லுக் மக்களின் மொழியும் இதே குடும்பம். கிசுமுவிலிருந்து அந்த இடம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் வேறு மொழி பேசுவோர் எத்தனையோ பேர். ஆகவே யாரோ எங்கிருந்தோ நடந்து வந்திருக்கிறார்கள்.

எங்கிருந்து, எப்படி? ஒகோட்டின் ஆய்வு 1967-இல் நூலாக வந்தது. 1500 முதல் 1900 வரையான இடப்பெயர்ச்சியும் குடியேற்றமும் அதன் பொருள். லுவோக்களின் முன்னோர் தென்சூடானின் சதுப்பு நிலங்களை ஒட்டிய பகுதியிலிருந்து நைலைத் தொடர்ந்து தெற்கே வந்தார்கள். கொடி பிடித்து முரசு கொட்டி வந்த படையெடுப்பு அன்று. சிறு சிறு கூட்டங்களாக, மாடுகளை ஓட்டிக்கொண்டு, ஓரிடத்தில் இரண்டு மூன்று தலைமுறை தங்கி, சண்டை போட்டு, பிரிந்து, மறுபடி நடந்து, பல தலைமுறைகளாக வந்தார்கள். ஏரிக்கரையில் இன்றைய சியாயா மாவட்டத்தில் இருக்கும் ரமோகி குன்றுதான் கென்யாவில் அவர்களது முதல் குடியிருப்பு என்பது மரபு. குன்றுக்குப் பெயர் தந்தவர் ரமோகி அஜ்வாங் என்ற முன்னோர்.

ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு இந்த மக்கள் குடும்பம் முழுவதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கிப்பிர், லபோங்கோ என்று இரு சகோதரர்கள். யானை ஒன்று பயிரை அழிக்க வர, அவசரத்தில் கிப்பிர் தம்பியின் ஈட்டியை எடுத்து வீசிவிட்டான். யானை ஈட்டியோடு காட்டுக்குள் ஓடிவிட்டது. வேறு ஈட்டி தருகிறேன், பத்து ஈட்டி தருகிறேன் என்றாலும் லபோங்கோ கேட்கவில்லை. "எனக்கு என் ஈட்டிதான் வேண்டும்." கிப்பிர் காடெல்லாம் அலைந்து, ஒரு கிழவியின் உதவியால் அதே ஈட்டியை மீட்டு வந்தான். கிழவி கொடுத்த அழகான மணிகளையும் கொண்டுவந்தான். ஒருநாள் அந்த மணிகளுள் ஒன்றை லபோங்கோவின் குழந்தை விழுங்கிவிட்டது. இப்போது கிப்பிரின் முறை. "எனக்கு என் மணிதான் வேண்டும்." குழந்தையின் வயிறு கிழிக்கப்பட்டது. அதன் பிறகு ஒரே கூரையின்கீழ் எப்படி வாழ்வது? நைல் நதியில் ஒரு கோடரியைப் போட்டுவிட்டு ஒருவன் கிழக்கிலும் மற்றவன் மேற்கிலும் பிரிந்து போனார்கள். உகாண்டாவின் பக்வாச் ஊர்ப்பக்கத்தில் இன்றும் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள்.

இடத்துக்கு இடம் சகோதரர்களின் பெயர் மாறுகிறது. யார் அண்ணன், யார் தம்பி என்பதும் மாறுகிறது. ஆனால் ஈட்டியும் மணியும் மாறுவதில்லை. இது நடந்த நிகழ்ச்சியின் பதிவு என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கருதுவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் பிறகு, "நாம் ஏன் பிரிந்தோம்?" என்ற கேள்விக்குச் சொல்லிக்கொண்ட பொதுப் பதில் அது. பங்காளிச் சண்டையை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி வேண்டியதில்லை.

ஒகோட் பின்னாளில் யுனெஸ்கோவின் ஆப்பிரிக்கப் பொது வரலாற்று வரிசையில் ஐந்தாம் தொகுதியின் பதிப்பாசிரியராக விளங்கினார். 2025-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார். இருள் என்று சொல்லப்பட்ட இடத்தில் நானூறு ஆண்டுகளுக்கு விளக்கேற்றியவர்.

வந்தவர்களும் இருந்தவர்களும்

ஏரிக்கரைக்கு லுவோக்கள் வந்தபோது அது வெற்றிடமாக இருந்ததா? இல்லை. பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் பலர் அங்கே இருந்தார்கள். பின்னர் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. மிகோரி ஊருக்கு வடமேற்கே திம்லிச் ஒஹிங்கா என்ற கற்கோட்டை இருக்கிறது. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லோடு கல்லைப் பொருத்தியே நாலரை மீட்டர் உயரம் வரை சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கி.பி. 16-ஆம் நூற்றாண்டில் கட்டியிருக்கலாம் என்பது மதிப்பீடு. 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெயர் லுவோ மொழிப் பெயர். ஆனால் கோட்டையில் ஒருவர் பின் ஒருவராகப் பல மக்கள் குடியிருந்திருக்கிறார்கள். முதலில் கட்டியவர்கள் லுவோக்களுக்கு முந்திய குடிகள் என்பது பலரின் கருத்து. விட்டுப்போன கோட்டைக்குள் அடுத்தவர் வந்து, சரிந்த கல்லை எடுத்து வைத்துக் குடியேறினார்கள்.

கோட்டைக்கு நடந்தது மனிதர்களுக்கும் நடந்தது. ஏரியிலுள்ள ருசிங்கா, ம்ஃபங்கானோ தீவுகளிலும் எதிர்க்கரைக் குன்றுகளிலும் சுபா என்ற மக்கள் வாழ்கிறார்கள். இவர்களது முன்னோர் உகாண்டாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மொழி முற்றிலும் வேறு. தமிழுக்கும் இந்திக்கும் உள்ளதைவிட அதிகத் தொலைவு. ஆனால் லுவோப் பெண்களை மணந்தார்கள், லுவோச் சந்தையில் மீன் விற்றார்கள், பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள். பள்ளிக்கூடம் வந்தபோது பாடமொழியும் தோலுவோதான். சில தலைமுறைகளில் சுபா மொழி முதியவர்களின் மொழியாகச் சுருங்கிவிட்டது. சுபாக்களில் பெரும்பாலோர் லுவோ ஆகிவிட்டார்கள்.

இதற்கு ஒரு பெரிய சான்று டாம் ம்போயா. கென்ய விடுதலைக் காலத்தின் மிகத் திறமையான தலைவர்களுள் ஒருவர். இளைஞர்களை விமானம் விமானமாக அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய திட்டத்தை 1959-இல் தொடங்கி வைத்தவர். ருசிங்காத் தீவுக் குடும்பம், வழியால் சுபா. 1969 ஜூலை 5-ஆம் நாள் நைரோபித் தெருவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது லுவோ நாடு முழுவதும் கொதித்து எழுந்தது. கொன்றது எங்கள் பிள்ளையை என்றார்கள். அவருடைய பாட்டன் எந்த மொழி பேசினார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இந்தச் சேர்த்துக்கொள்ளும் குணத்துக்கு மொழியே ஒரு கருவி தருகிறது. தோலுவோவில் ஒரு சொல்லின் முன் 'ஜா' சேர்த்தால் அதற்குரிய ஆள். நம் '-காரன்' முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டதாக நினைத்துக்கொள்ளலாம். மீன் பிடிப்பவன் ஜாலுபோ. கற்பிப்பவன் ஜாபுவோஞ். லுவோவைச் சேர்ந்தவன் ஜாலுவோ. பலர் என்றால் ஜோலுவோ. ரமோகியின் வழிவந்தவன் ஜராமோகி. இந்தக் கடைசிச் சொல்லைப் பட்டமாகத் தாங்கியவர் ஒகிங்கா ஒடிங்கா. 1964-இல் கென்யா குடியரசானபோது முதல் துணைக் குடியரசுத் தலைவர். பாதிரிமார் அவருக்கு இட்ட ஞானஸ்நானப் பெயர் ஒபதையா அதோனியா. 'ஒ', 'அ' இரண்டும் ஒரே ஆளுக்கு வந்துவிட்ட குழப்பத்தினாலோ என்னவோ, அந்தப் பெயர்களை அவர் உதறிவிட்டார்!

பெருமைக்கு ஒரு விலை

கென்யாவின் மற்ற இனத்தார் லுவோக்களைப் பற்றிச் சொல்லும் வேடிக்கைகள் ஏராளம். மீன் தின்று தின்று மூளை வளர்ந்தவர்கள்; சிறிய சொல் போதுமான இடத்தில் பெரிய ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போடுகிறவர்கள்; கையில் காசில்லாவிட்டாலும் சட்டையில் மடிப்புக் கலையாதவர்கள். இவற்றை லுவோக்களே மிகுந்த மகிழ்ச்சியோடு திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் விசேஷம். மிடுக்கு, பந்தா, நடையழகு எல்லாம் கலந்த ஒன்றுக்கு அவர்கள் மொழியில் 'ஞாதி' என்று தனிச்சொல்லே இருக்கிறது.

மிடுக்குக்கு மேடையும் உண்டு. 'ஞாட்டிட்டி' என்பது எட்டு நரம்புகள் கொண்ட யாழ் வகை. வாசிப்பவர் தாழ்வான இருக்கையில் அமர்ந்து, கால் விரலில் இரும்பு வளையம் அணிந்து, அதனால் யாழின் மரத்தைத் தட்டித் தாளமும் தாமே போட்டுக்கொள்வார். பாட்டு நடந்துகொண்டிருக்கும். திடீரென்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து காசை நீட்டுவார். இசை நின்றுவிடும். அவர் தம்மைப் பற்றியும் தம் ஊரைப் பற்றியும் நண்பர்களைப் பற்றியும் வாயாரப் புகழ்ந்து முடித்ததும் பாட்டு தொடரும். இதற்குப் 'பக்ருவோக்' என்று பெயர். தற்புகழ்ச்சி எங்கும் உண்டு. அதற்குக் கட்டணம் வைத்து, கலைஞனின் பிழைப்புக்கு வழிசெய்தவர்கள் இவர்கள். ஞாட்டிட்டியின் துள்ளலைக் கிதாருக்கு மாற்றியபோது பிறந்ததுதான் 'பெங்கா' இசை. ஒவினோ மிசியானி போன்றவர்கள் அதைக் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் கொண்டுபோனார்கள்.

2008 நவம்பரில் இந்த மிடுக்கு உச்சத்துக்குப் போயிற்று. சியாயாப் பக்கத்து ஞாங்கோமா கொகேலோ கிராமத்து ஒன்யாங்கோவின் பேரன் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். ஆம், பராக் ஒபாமாவின் பாட்டனார் ஹுசேன் ஒன்யாங்கோ, காலை வெயிலில் பிறந்தவர்தாம்! கென்யா விடுமுறை அறிவித்தது. 'செனட்டர்' என்ற மலிவு விலை பீருக்குக் குடிமக்களே 'ஒபாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிசுமு மருத்துவமனையில் அந்த வாரம் பிறந்த குழந்தைகள் பலருக்குக் கடிகாரப் பெயர் தப்பிப்போய் பராக் என்றும் மிஷேல் என்றும் பெயர் விழுந்தது. கூடவே ஒரு கசப்பான வேடிக்கையும் பரவியது: லுவோ ஒருவர் கென்யாவின் தலைவராவதைவிட அமெரிக்காவின் தலைவராவது எளிது! இன்றுவரை கென்யாவுக்கு லுவோத் தலைவர் வாய்க்கவில்லை.

வேடிக்கை எல்லாமே வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை. அண்டை இனங்கள் பலவற்றில் ஆண்பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்வது பெரியவனாவதற்கான சடங்கு. லுவோக்களிடம் அது கிடையாது. அவர்களது பழைய அடையாளம் கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆறைப் பிடுங்குவது. (வாய்ப்பூட்டு நோய் வந்தால் அந்த இடைவெளி வழியாகக் கஞ்சி ஊட்டலாம் என்று காரணம் சொல்வார்கள்.) பல் பிடுங்கும் வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது, ஆனால் "நீங்கள் இன்னும் சிறுவர்கள், உங்களுக்கு ஆட்சி எதற்கு?" என்ற ஏளனம் அரசியல் மேடைகளில் மறையவில்லை. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்ட கலவரத்தில், லுவோ ஆண்கள் சிலரைப் பிடித்து வன்முறையாக வெட்டிய கொடுமையும் நடந்தது.

இந்தப் பின்னணியில்தான் அறிவியல் உள்ளே நுழைகிறது. கிசுமுவில் 18 முதல் 24 வயதுள்ள 2,784 ஆண்களை இரு பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு மருத்துவ முறையில் விருத்தசேதனம், மறுபிரிவு காத்திருந்தது. 2006 டிசம்பரில் சோதனையை முன்கூட்டியே நிறுத்தவேண்டி வந்தது. முதல் பிரிவில் எச்.ஐ.வி. தொற்று மற்றதில் ஏறத்தாழப் பாதியாக இருந்ததால், மறுபிரிவைக் காக்கவைப்பது நியாயமன்று என்று முடிவாயிற்று. கென்யாவிலேயே இத்தொற்று மிக அதிகமாக இருந்த பகுதி லுவோ நாடு. 2008-இல் அரசு திட்டம் தொடங்கியது. பெரியவர்கள் முதலில் தயங்கினார்கள். இத்தனை காலம் எதை வைத்து ஏளனம் செய்தார்களோ அதையே ஏற்பதா? பிறகு ஒரு தெளிவு பிறந்தது: இது மருந்து, சடங்கு அன்று. சில ஆண்டுகளில் பல லட்சம் பேர் முன்வந்தார்கள். லுவோக்களாகவே போனார்கள், லுவோக்களாகவே திரும்பினார்கள்.

வீடும் இல்லமும்

லுவோ ஆவது எளிது என்று பார்த்தோம். லுவோவாக இல்லாமல் போக முடியுமா? இதற்கு விடை காண 154 நாள் பிடித்தது.

முதலில் அவர்களது வீட்டமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஒட்' என்றால் வீடு. 'தாலா' என்றால் இல்லம். இரண்டும் ஒன்றல்ல. தாலா என்பது வேலி சூழ்ந்த வளாகம். வாயிலுக்கு நேரே மூத்த மனைவியின் குடிசை, பக்கங்களில் இளைய மனைவியரின் குடிசைகள், வாயிலுக்கருகே பையன்களின் குடிசைகள் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. மூத்த மனைவிக்கு 'மிக்காயி' என்று பெயர். கிசுமுவுக்கு மேற்கே 'கிட் மிக்காயி', அதாவது மூத்தாள் கல் என்ற பாறைக் கோபுரம் நிற்கிறது. கருங்கல்லின் வெடிப்புகளில் நீர் இறங்கி, மண்ணுக்கடியிலேயே சிதைந்து, மேல்மண் அரித்துப்போனபின் ஒன்றன்மேல் ஒன்றாக எஞ்சிய பாறைகள் அவை என்று நிலவியலார் சொல்வர். ஊரார் சொல்வது வேறு: ஒரு கிழவர் நாள் முழுதும் அந்தப் பாறையிடமே போய்க் கிடந்தாராம், சோறு சுமந்து சுமந்து அலுத்த மனைவி, "அவருக்கு மூத்தாள் நான் இல்லை, அந்தக் கல்தான்" என்றாளாம். நிலவியல் விளக்கத்தைவிட இது மனத்தில் நிற்கிறது.

மகன் வளர்ந்து, தந்தையின் வளாகத்தை விட்டு வெளியேறி, முறைப்படி சேவலும் கோடரியும் கொண்டு புதிய இடத்தில் குடியமர்ந்தால்தான் அவனுக்கென்று தாலா. நகரத்தில் மாடி வீடு கட்டினாலும் அது வெறும் ஒட்தான். இறந்தவனைப் புதைக்கும் இடம் தாலா. தனக்கென்று இல்லாதவனுக்குத் தந்தையின் தாலா.

1986 டிசம்பர் 20 அன்று எஸ். எம். ஒட்டியேனோ என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் நைரோபியில் மாரடைப்பால் இறந்தார். வயது 55. மனைவி வம்புயி, கிகுயு இனத்தவர். விடுதலைப் போராட்டத்தில் பங்கு கொண்டவர். கலப்புத் திருமணம், நகர வாழ்க்கை, ஷேக்ஸ்பியர் ஈடுபாடு, ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். நைரோபிக்கு அருகில் உள்ள தங்கள் நிலத்திலேயே புதைக்கப்பட வேண்டும் என்று கணவர் சொன்னதாக வம்புயி கூறினார். உமிரா ககெர் என்ற அவரது குலத்தார் ஒப்பவில்லை. ஞால்குங்கா கிராமத்துக்குத்தான் வரவேண்டும் என்றார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று.

கென்யா முழுவதும் நாள்தோறும் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்த வழக்கைப் படித்தது. சாட்சிக் கூண்டில் ஏறியவர்களுள் தத்துவப் பேராசிரியர் ஒடேரா ஒருகாவும் ஒருவர். வீட்டுக்கும் இல்லத்துக்கும் என்ன வேறுபாடு, இறந்தவர் ஆவி என்ன செய்யும், சாகுமுன் ஒருவர் சொன்ன சொல் குலத்தைக் கட்டுப்படுத்துமா என்றெல்லாம் கறுப்பு அங்கி அணிந்தவர்கள் ஆங்கிலத்தில் குறுக்குவிசாரணை செய்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987 மே மாதம் குலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தந்தைவழி மரபுள்ள இனத்தில் பிறந்தவர், வாழ்க்கைமுறை எவ்வளவு மாறினாலும், அந்த உறவைத் தாமாக உதறிவிட முடியாது என்றது. மே 23-ஆம் நாள் ஒட்டியேனோ ஞால்குங்காவில் புதைக்கப்பட்டார். வம்புயி அங்கு போகவில்லை.

இந்தத் தீர்ப்பை நான் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. கால் நூற்றாண்டு உடன் வாழ்ந்த மனைவியின் சொல்லுக்கு அதில் இடம் போதவில்லை. சுபாவை அவர் பாட்டன் யாரென்று கேளாமல் சேர்த்துக்கொண்ட அதே சமூகம், வெளியே போன ஒருவரை இறந்தபிறகும் விடவில்லை. ஆனால் குலத்தாரின் தவிப்பும் பொய்யன்று. தம் பிள்ளை அந்நிய மண்ணில், வாயிலற்ற வளாகத்தில், வழிதெரியாமல் கிடப்பான் என்று அவர்கள் நிஜமாகவே அஞ்சினார்கள். படித்தவர் இருசாராரும், அழுதவர்களும் இருசாராரும்.

2025 அக்டோபர் 15 காலை, நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கூத்தாட்டுக்குளத்தில் ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்திருந்த ஒருவர் நடைப்பயிற்சியின்போது மயங்கி விழுந்து இறந்தார். அவர் ராய்லா ஒடிங்கா, ஜராமோகியின் மகன். கென்யாவின் முன்னாள் பிரதமர். ஐந்து முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஐந்து முறையும் வெற்றி கிட்டாதவர். உடல் மறுநாளே விமானத்தில் நைரோபி போய்ச் சேர்ந்தது. கிசுமு விளையாட்டரங்கில் கூட்டம் அலைமோதியது. தம்மை விரைவில் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். போண்டோவில் ஒபோடா என்ற சொந்த இல்லம் அவருக்கு இருந்தது. முறைப்படி அங்கேதான் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உண்டு. ஆனால் அவர் விரும்பியது தந்தையின் தாலாவை. அக்டோபர் 19 அன்று, நான்காம் நாள், காங்கோ கா ஜராமோகியில், தந்தைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். வழக்கு ஏதும் நடக்கவில்லை.